நீலப் படையில் என் தோஸ்து

எரிகிற கோட்டைக் கதவுக்கு முன்னால், மூன்று கேமராக்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது, செத்துப்போன எதிரி ஒருவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு “ஆட்டோ! ஆட்டோவக் கூப்புடுங்க!” என்று கத்திக்கொண்டு ஓடிய சிவப்புப் படைக்காரன் நான்தான். படம் வெளிவந்தால் அந்தக் காட்சியில் என்னைத் தேட வேண்டாம். வெட்டிவிட்டார்கள். நான் இருந்த இடத்தையெல்லாம் வெட்டியது போக, கொஞ்சம் புகை மட்டும் மிச்சம் இருந்ததாகச் சொன்னார்கள்.

கதவை ஒரே ஒரு முறைதான் எரிக்க முடியும் என்று காலையிலிருந்து மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எல்லோருக்கும் புரிந்தது. எனக்கும் புரிந்தது. ஆனால் என் கால்களுக்கு யாரும் தனியாகச் சொல்லவில்லை.

எர்ணாவூர் தாண்டி எண்ணூர்ப் பக்கம், எப்போதோ மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் காலி மைதானத்தில் அந்தக் கோட்டையைக் கட்டியிருந்தார்கள். இரும்புச் சட்டம், பிளைவுட், மேலே பிளாஸ்டர். கோட்டைக்குப் பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அதைக் கம்ப்யூட்டரில் அழித்துவிடுவோம் என்றான் உதவி இயக்குநர் நோயல். “அந்தக் கம்ப்யூட்டர் ஒண்ணு எங்க ஏரியாவுக்குக் குடுத்துட்டுப் போ நைனா,” என்றான் என் தோஸ்து ரஷீது.

அந்தக் கோட்டையின் ஆணி, போல்ட், கம்பி வடமெல்லாம் என் கடைச் சரக்கு. என் பெயர் சுயம்பு. திருவொற்றியூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே வளர்ந்து, இங்கேயே முடி கொட்டியவன். ஆனாலும் ஊருக்கு நான் அண்ணாச்சிதான். ரஷீதும் பத்துப் பேர் முன்னால் அண்ணாச்சி என்பான், தனியாக இருந்தால் மாமு. நான் அவனை எங்கே இருந்தாலும் பாய் என்பேன்.

கதவின் இரும்புச் சட்டம் அவன் செய்தது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் அவனுக்கு வெல்டிங் பட்டறை இருக்கிறது. சட்டத்தை மாட்ட நாங்கள் போயிருந்தபோதுதான் நோயல் ரஷீதின் தாடியைப் பார்த்தான். நோயல் ராயபுரத்துக்காரன். சினிமாவில் சேர்ந்ததிலிருந்து எல்லோரையும் சட்டம் போட்ட படமாகத்தான் பார்ப்பான். “பாய், நீங்க அப்பிடியே நீலப் படை,” என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, என் வயிற்றில் சற்று நேரம் கண்ணை நிறுத்தி, “அண்ணாச்சி சிவப்பு. பின்வரிசை,” என்றான்.

யூனிட்டில் அரசர்களின் பெயரை யாரும் சொல்வதில்லை. சிவப்பு, நீலம், அவ்வளவுதான். கதைப்படி இரண்டு படைகளும் முதலில் கூட்டாளிகள். சேர்ந்து மஞ்சள் படையை விரட்டுகிறார்கள். மஞ்சள் படை என்று தனியாக ஆட்கள் கிடையாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தலைப்பாகையை மாற்றிக் கட்டிக்கொண்டால் நாங்களேதான் மஞ்சள் படை. காலையில் எங்களை நாங்களே துரத்தினோம், மாலையில் எங்களிடமிருந்து நாங்களே உயிர் பிழைக்க ஓடினோம். வியாசர்பாடியிலிருந்து வந்திருந்த பாக்சிங் ஆட்கள் சிலர் எந்த நிறமானாலும் நிஜமாகவே குத்தினார்கள்.

அப்புறம் ஒருநாள் அரசர்களுக்குள் பகை வந்தது. சிவப்பை இந்தப் பக்கமும் நீலத்தை அந்தப் பக்கமும் நிறுத்தினார்கள். ரஷீது கதவைக் காக்கும் படை. நான் கதவை உடைக்கும் படை. முரசு அடித்தது, தீ வைத்தார்கள், ஓடினோம். ரஷீது விழுந்தான்.

விழச்சொல்லித்தான் விழுந்தான். ஆனால் அவன் விழுந்த விதம் எனக்குத் தெரிந்த விதம். இடது தோள் முதலில், அப்புறம் தலை, கை மட்டும் கொஞ்சம் தாமதமாக. ஈட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

“மாமு, நான் செத்துட்டேன். வுடு,” என்று உதடு அசையாமல் சொன்னான்.

“பேசாத பாய், மூச்சு வாங்கும்.”

“டேய், செத்துட்டேன்டா!”

அவன் என்னைவிட உயரம். அவனைத் தோளில் போட்டபோது அவன் கால்கள் மண்ணில் கோடு போட்டுக்கொண்டு வந்தன. பின்னால் கதவு தகதகவென்று எரிந்து, சடசடவென்று விழுந்தது. அவ்வளவு அழகாக எரிந்ததை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இயக்குநர் மானிட்டரை விட்டு எழுந்து வந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத் தலையைக் குனிந்து நின்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். “மூக்குக்கண்ணாடி போட்டிருக்கீங்க,” என்றார். பிறகு திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

நோயலுக்கு அழுகை வராத குறை. “அண்ணாச்சி, அவரு எதிரி. நீங்கதான் கொன்னீங்க. நீங்களே கொன்னுட்டு நீங்களே தூக்கினா நான் இன்னா பண்றது?”

“பழக்கம்பா,” என்றேன்.

பழக்கம்தான். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு தனியார் நிலக்கரி யார்டு இருக்கிறது. கம்பெனி என்றாலே எங்கள் ஆட்களுக்கு அதுதான். முன்பெல்லாம் திறந்த லாரியில் கரி போகும். காலையில் வெள்ளையாகக் கொடியில் போட்ட வேட்டி மாலையில் பள்ளிக்கூடக் கரும்பலகை துடைத்த துணி மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் இட்லிக்கு எள்ளுப்பொடி தூவுவதையே நிறுத்திவிட்டோம். அது தானாக விழுந்தது. இதையெல்லாம் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தவன்தான் நான். ரஷீதின் மனைவி ஷரீஃபுன்னிசாவுக்கு இருமல் பிடித்தது, நிற்கவில்லை. மருந்தைப் புகையாக்கி மூக்கில் விடும் சின்ன மிஷின் ஒன்று அவர்கள் வீட்டுக்கு வந்தது. மறுநாள் ரஷீது என் கடை வாசலில் நின்றான்.

“லாரி முன்னாடி படுக்கப் போறேன் மாமு. வர்றியா?”

போனேன். முதல் லாரிக்காரன் கவனிக்கவில்லை. பம்பர் தட்டி ரஷீது விழுந்தான். இடது தோள், தலை, தாமதமாகக் கை. அன்றைக்கு அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஆட்டோ என்று கத்தியதும் நான்தான். தெருவே வந்து லாரிகளை மறித்தது. கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. லாரிக்குத் தார்ப்பாய் போட்டார்கள், ரோட்டில் தண்ணீர் தெளித்தார்கள். எள்ளுப்பொடி குறைந்தது. ஷரீஃபுன்னிசாவின் இருமலும் குறைந்தது, ஒரேயடியாகப் போகவில்லை.

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒரு கூட்டணிப் படை. கூட்டம் என்றால் ரஷீதுதான் பேசுவான். அவன் பேசினால் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நடுவில் நான் எழுந்து நாலு வார்த்தை சொன்னால் சாய்ந்து உட்காருவார்கள். நிமிர்ந்தே இருந்தாலும் முதுகு வலிக்கும், சாய்ந்தே இருந்தாலும் தூக்கம் வரும். அதனால் இரண்டு பேரும் தேவைப்பட்டோம். ஒருமுறை ரஷீதுக்குக் காய்ச்சல் என்று நான் மட்டும் போய்ப் பேசினேன். கம்பெனி மேனேஜரே விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை.

இப்போது கம்பெனி யார்டை இரண்டு மடங்காக்கப் போகிறது. வரும் வியாழக்கிழமை கல்யாண மண்டபத்தில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். அதிகாரிகள் மேடையில் இருப்பார்கள். வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் மைக்கில் சொல்லலாம். ரஷீதின் மகன் காலித் அதே கம்பெனியில் கான்ட்ராக்டில் ஃபிட்டராக இருக்கிறான். அவனை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு. ரஷீது கம்பெனிக்காகப் பேசப் போகிறான் என்று அதற்குப் பின்னாலேயே இன்னொரு பேச்சு.

ரஷீதிடம் கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் ஒருவனைத் தோளில் போட்டுத் தூக்குவதைவிட அவனிடம் ஒரு கேள்வி கேட்பது கனமான வேலை என்று அந்த வாரம்தான் கண்டுபிடித்தேன்.

கதவு எரிந்த அன்று, உடுப்பைக் கழற்றாமலே ரோட்டோர டீக்கடைக்குப் போனோம். நீலத் தலைப்பாகையும் சிவப்புத் தலைப்பாகையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததைப் பார்த்து, “இன்னா, சமாதானம் ஆயிடுச்சா?” என்றார் டீ மாஸ்டர். நோயலும் வந்து எதிரில் உட்கார்ந்தான்.

“அண்ணாச்சி, கதையாவது தெரியுமா உங்களுக்கு?”

“எனக்கு ‘ஓடு’ன்னு மட்டும்தான் சொன்னாங்க.”

நோயல் சொன்னான். சிவப்புத் தளபதியும் நீலத் தளபதியும் உயிர்த் தோழர்கள். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அரசர்கள் பகைத்துக்கொள்கிறார்கள். நீலத் தளபதியின் தம்பி நீல அரசனின் அரண்மனையில் இருக்கிறான், அவனுக்காக இவன் கதவைக் காக்க நிற்கிறான். கடைசியில் தோழன் கையாலேயே வெட்டுப்பட்டு, தோழன் மடியிலேயே உயிரை விடுகிறான். மழை பெய்கிறது.

“மழை எதுக்கு?” என்றான் ரஷீது.

“அழுவுறது தெரியக் கூடாதுல்ல பாய், அவரு ஹீரோ.”

“சண்டைக்கு முந்தின நாளு ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்களா?” என்று கேட்டேன்.

“அந்த ஸீன் இல்லண்ணாச்சி. முரசு, அப்பால நேரா கதவுதான்.”

“ஏன் இல்ல?”

நோயல் என்னையே திருப்பிக் கேட்டான். “இருந்தா இன்னா பேசுவாங்க?”

குதிரையும் வாளுமாக வரும் படங்களை நானும் ரஷீதும் சின்ன வயதிலிருந்தே தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள். இந்தத் தோழன் அநேகமாக எல்லாப் படத்திலும் வருவான். ஒரு பக்கம் சோறு போட்டவன், இன்னொரு பக்கம் தோளில் கை போட்டவன். நடுவில் நின்று நல்ல நல்ல வசனமாகப் பேசுவான். பேசி முடித்ததும் செத்துப்போவான். ஒருவன்கூடப் பிழைத்து நான் பார்த்ததில்லை. தியாகம் என்று நானும் கண்ணைத் துடைத்திருக்கிறேன். டீ ஆறிக்கொண்டிருந்தபோது வேறொன்று தோன்றியது. அவன் பிழைத்துவிட்டால் மறுநாள் காலையில் இரண்டு பேரும் ஒரே டீக்கடைக்கு வர வேண்டியிருக்கும். யார் முதலில் நகர்ந்து இடம் கொடுப்பது, பெஞ்சில் என்ன பேசுவது என்று ஒருவர் எழுத வேண்டியிருக்கும். அதற்குப் பயந்துதான் மடியையும் மழையையும் கொண்டுவருகிறார்கள்.

“நீ அந்த நீலத் தளபதியா இருந்தா இன்னா பண்ணுவ பாய்?” என்றேன். குரலைக் கொஞ்சம் இலேசாகத்தான் வைத்துக்கொண்டேன்.

“நானா? கதவ ஒழுங்கா வெல்டு வெச்சிருப்பேன். எந்த நாய்க்கும் உள்ள வர வழி இருந்திருக்காது.”

டீ மாஸ்டர் சிரித்தார், நோயல் சிரித்தான், நானும் சிரித்தேன். வேடிக்கை என் சரக்கு. அதையே எடுத்து எனக்கு விற்றுவிட்டான்.

“வியாழக்கிழம நேரத்தோட போயிருவமா? முன்வரிச கெடைக்கும்.”

“பாப்போம் மாமு. கதவு மறுபடி அடிக்கணும். உன்னாலதான்.” எழுந்துவிட்டான். “இன்னொரு டீ சொல்லட்டா?” என்று போகிற போக்கில் கேட்டான். டீ மட்டும் வரவேயில்லை.

மறுநாள் சாத்தாங்காட்டுக்குப் போனேன். புதுக் கதவுக்கான போல்ட்டை ஷேர் ஆட்டோவில் அனுப்பியிருக்கலாம், நானே மடியில் வைத்துக்கொண்டு போனேன். மார்க்கெட் முழுக்கத் தகடு இழுக்கும் சத்தம். பட்டறையில் ரஷீது வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொண்டு குந்தியிருந்தான். முகமூடிக்குள் இருப்பவனிடம் எதைக் கேட்டாலும் தலையைக் குனிந்து பொறி பறக்கவிடுவான். நான் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும். அவனுக்கு அது வசதியாகப் போயிற்று.

பொறி நின்ற ஒரு இடைவெளியில் சொன்னேன். “கூட்டத்தன்னிக்குக் கம்பெனிக்காரன் ரெண்டு பந்தி போடறானாமே. வேணும்னு சொல்றவனுக்குப் பிரியாணி, வேணாம்னு சொல்றவனுக்குத் தயிர்சாதம். நீ எந்தப் பந்தி?”

முகமூடியை நெற்றிக்கு ஏற்றினான். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. “நீ எங்க குந்துறியோ அதுக்குப் பக்கத்து எல,” என்றான். முகமூடி இறங்கிவிட்டது.

அந்த ஒரு வாக்கியத்தைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவதுபோல் வீடுவரைக்கும் பத்திரமாகக் கொண்டுவந்தேன். பஸ் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டி நின்றபோது இரண்டு முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்து மகிழ்ந்தேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், அவன் எதற்கும் பதில் சொல்லவில்லை என்று உறைத்தது. பக்கத்து இலையில் உட்காருகிறவன் பிரியாணியும் சாப்பிடலாம்.

செவ்வாய்க்கிழமை அவன் வீட்டுக்கே போனேன். கதவு மாட்ட அவன் எண்ணூருக்குப் போயிருப்பான் என்று தெரிந்துதான் போனேன். வீரத்தில் எனக்கு எப்போதும் பின்வரிசைதான். ஷரீஃபுன்னிசா, “வாங்கண்ணே, அவரு இல்லியே,” என்றாள். மருந்து மிஷின் பூ வேலை செய்த துணி ஒன்றைப் போர்த்திக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. சும்மா வந்தேன் என்று சொல்லி டீ குடித்தேன். டீ முடிவதற்குள் காலித் ஷிஃப்ட் முடிந்து வந்தான். கையில் ஹெல்மெட், கழுத்தில் அட்டை, கண்ணோரத்தில் கரித்தூள் மை இட்ட மாதிரி. அவன் முதன்முதலில் சைக்கிள் பழகியது என் கடை வாசலில்தான். நான் அடுக்கி வைத்திருந்த பெயின்ட் டப்பாக்கள்தான் அவனுக்கு பிரேக்.

“மாமா,” என்றான். நின்றான். பிறகு அடக்க முடியாமல், “ஆர்டர் குடுத்துட்டாங்க மாமா. பர்மனென்ட்,” என்றான். முகம் முழுக்கச் சிரித்து, சட்டென்று சிரித்ததற்காக வெட்கப்பட்டதுபோல் அம்மாவைப் பார்த்தான்.

எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அதுதான் அன்றைக்கு என்னைப் படுத்தியது. “ஸ்வீட் எங்கடா?” என்று அவன் முதுகில் அடித்தேன். அப்போது ஷரீஃபுன்னிசாவுக்கு இருமல் வந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு இருமினாள். அந்த இருமல் எந்தக் கட்சி என்று எனக்குத் தெரியவில்லை. காலித் ஓடிப்போய் மிஷினின் துணியை விலக்கினான்.

“அத்தா நாளன்னிக்கு மீட்டிங்குக்கு வர்றாரா?” என்று அவன் முதுகைப் பார்த்துக் கேட்டேன்.

“அவருகிட்டயே கேளுங்க மாமா,” என்றான், திரும்பாமல்.

வாசல்வரைக்கும் வந்த ஷரீஃபுன்னிசா மூச்சு வாங்கிக்கொண்டே, “அவரு தூங்கி ரொம்ப நாளாவுதுண்ணே,” என்றாள்.

மதியம் சோறு போட்டுக்கொண்டே என் மனைவி இசக்கியம்மாள் கேட்டாள். அவளுக்குத் திருநெல்வேலிச் சீமை. இங்கே வந்து இவ்வளவு காலமாகியும் அவள் பேச்சில் கடற்கரைச் சாலையின் தூசி ஒட்டவில்லை.

“கேட்டாச்சா?”

“கேட்டேன். மூணு நாளா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“என்னன்னு கேட்டிய?”

தளபதிக் கதையைச் சொன்னேன். பந்திக் கதையைச் சொன்னேன். அவள் குழம்புக் கரண்டியைச் சட்டியில் வைத்தாள்.

“இதெல்லாம் கேள்வியா? முக்கால்வாசி வேடிக்கை. வேடிக்கை காட்டுத ஆளுக்கு அவியளும் வேடிக்கைதான் காட்டுவாவ.”

“நேரா கேட்டா உடைஞ்சு போயிருமோன்னு இருக்கு இசக்கி.”

“உடையுததுன்னா வியாழக்கிழம ஊரு முன்னால உடையும். அதுக்கு முந்தியே நீங்க ரெண்டு பேரு மட்டும் இருக்கையில உடைஞ்சா தேவலாமில்லா?” என்றாள். “இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா?” என்று அதே குரலில் கேட்டாள். அவளுக்கு இரண்டும் ஒரே மாதிரிக் கேள்விதான். நான் சோற்றுக்கு மட்டும் தட்டை நீட்டினேன்.

புதன்கிழமை புதுக் கதவோடு மறுபடியும் போர். உடுப்புக் கொடுக்கும் இடத்திலேயே நோயல் காத்திருந்தான். முதலில் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“அண்ணாச்சி, இன்னிக்கு நீங்க செத்துட்டீங்க.”

“எப்ப?”

“ஆரம்பத்துலயே. ஓட வேணாம், குத்த வேணாம், எவனையும் தூக்க வேணாம். படுத்தா போதும். பாய், நீங்களும் அன்னிக்கு வுழுந்த எடத்துலயே படுங்க. கன்டினியூட்டி வேணும்.”

கண்ணாடி இல்லாமல் கோட்டை ஒரு பழுப்புக் கறையாகவும் கடல் பக்கம் ஒரு வெளிச்சமாகவும்தான் தெரிந்தது. என்னைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், கதவுக்கு முன்னால் மண்ணில் மல்லாத்தினார்கள். கழுத்தில் ரத்தத்துக்காகச் சிவப்புச் சர்க்கரைப் பாகு ஊற்றினார்கள். பக்கத்தில் ஒரு நீலக் கறை வந்து படுத்தது. தாடியை வைத்து ரஷீது என்று அடையாளம் தெரிந்தது. அவன் கழுத்துக்கும் பாகு ஊற்றினார்கள். ஒரே டப்பாவிலிருந்துதான்.

கேஸ் குழாயில் ஏதோ தகராறு. தீ வைக்க நேரமாகும், பிணங்கள் யாரும் இடத்தை விட்டு அசைய வேண்டாம், அசைந்தால் மறுபடி அடையாளம் வைக்க வேண்டியிருக்கும் என்று மைக்கில் சொன்னார்கள். வெயில் நேரே முகத்தில் அடித்தது. ஈக்கள் எங்கள் வீரமரணத்தை மொய்த்தன.

எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. ரஷீதுக்கு இப்போது டீ சொல்ல எழுந்து போக முடியாது. முகமூடி கிடையாது. வெல்டிங் பொறி கிடையாது. இரண்டு படைகளிலும் அந்த நேரத்தில் அவனைப் போல வசமாக மாட்டிக்கொண்டவன் யாரும் இல்லை, என்னைத் தவிர.

“பாய்.”

“பொணம் பேசக் கூடாது.”

“கேமரா ஓடல.”

“எறும்பு ஒண்ணு காதுல ஏறிகினு கீது. சிரிப்பு மூட்டாத மாமு, ஆடிடுவேன்.”

எறும்பு எந்தப் படை என்று கேட்கலாம் என்று நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. நல்ல ஜோக். கட்டாயம் சிரித்திருப்பான். சிரித்திருந்தால் அந்த நாளும் அப்படியே போயிருக்கும். வாயில் வந்த ஜோக்கை நான் விழுங்கியது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். ஒரு முழு போல்ட்டை விழுங்கியது மாதிரி இறங்கியது.

“நாளைக்கு நீ எந்தப் பக்கம் பேசப் போற?”

அவ்வளவுதான் கேட்டேன். பந்தி இல்லை, தளபதி இல்லை, குரலில் இலேசு இல்லை. என் குரலே எனக்கு வேறு யாரோ பேசியது மாதிரி இருந்தது.

கதவுப் பக்கம் யாரோ வால்வைத் திறக்கச் சொல்லிக் கத்தினார்கள். நீலக் கறை கொஞ்சம் அசைந்தது. அசையக் கூடாது என்று மைக்கில் சொல்லியும் தலையை என் பக்கம் திருப்பியிருந்தான். அவ்வளவு கிட்டத்தில் கண்ணாடி இல்லாமலே எனக்கு அவன் கண்கள் தெரிந்தன. இரண்டும் திறந்திருந்தன.

“கம்பெனி பக்கம்,” என்றான். “யார்டு பெருசாவட்டும்னு சொல்லப் போறேன். புள்ளைக்கு ஆர்டர் வந்துகீது. பேசுன்னு எவனும் என்னிய மெரட்டல, நானாத்தான் பேசறேன். ஷரீஃபு நெஞ்சுல இன்னா கீதுன்னு தெரிஞ்சேதான் பேசறேன். நான் சொல்லப்போறதுல பாதி பொய்யி. எது எது பொய்யின்னு உனுக்குத் தெரியும். அப்பால நீ எழுந்து அத்த ஒண்ணொண்ணா ஒடை. ஜோக்கு அடிச்சி என்னிய காப்பாத்தாத. மைக்குக்கு முன்னாடி நான் தடுமாறி நின்னா நிக்கறேன், பாத்துகினே இரு. தூக்க மட்டும் வராத, மாமு.”